கடலூர் மாவட்டப் பேரிடர்ப் பதிவில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறக்கும் முன்பே கடலூர் மாவட்டத்தின் பேரிடர்ப் பட்டியல் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடுகிறது. 2004 சுனாமி, 2011 ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். பட்டியலில் பிழை இல்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயியோ தாழங்குடா மீனவரோ தம் வீட்டுக்குத் தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வரும், எவ்வளவு ஏறும், எத்தனை மணி நேரம் முன்னதாகத் தெரியும் என்று அறிய முடியாது. ஆண்டு, பெயர், சேத மதிப்பு மூன்றும் நிவாரணக் கணக்குக்குப் போதும். ஊருக்கு வேண்டிய பதிவு வேறு. அதில் என்னென்ன இருக்க வேண்டும், அதை எப்படித் தயாரிப்பது என்பதே இக்கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கோளாறு, பெயர் வைத்து எண்ணுவது. வட இந்தியப் பெருங்கடலில் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004-ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவை பொதுநினைவில் சுலபமாக நழுவுகின்றன. அதற்குப் பிந்தியவற்றிலும் புயல் என்ற நிலையை எட்டாதவற்றுக்குப் பெயர் கிடையாது. 2015 நவம்பர் 9-ம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள், புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மட்டுமே. காற்று பெரிதாக இல்லை. நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பண்ருட்டி வட்டத்தில் பெரியகாட்டுப்பாளையம், விசூர் பகுதிகளில் ஓடைகள் சில மணி நேரத்தில் காட்டாறாகி உயிர்களைக் கொண்டுபோயின. ஒரு சென்டிமீட்டர் மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். நாற்பது சென்டிமீட்டர் என்றால் நாற்பது கோடி. கோடையில் ஆடு மேயும் செம்மண் ஓடை அதைத் தாங்காது. பெயரோடு வந்த ஃபெஞ்சலும் காற்றின் வேகத்தில் சாதாரணப் புயல்தான். கரையைக் கடக்கும்போதும் கடந்த பிறகும் நகராமல் நின்றதால் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. தானேயோ நேர்மாறு, காற்றுதான் முழுக்க. ஆகவே ‘புயல் வலுவிழந்தது’ என்ற செய்தியைக் கேட்டுப் பாயை விரித்துப் படுப்பது நம் மாவட்டத்தில் பலமுறை தவறாகிப்போன பழக்கம்.

இரண்டாவது கோளாறு, காலம். நவம்பரும் டிசம்பரும்தான் ஆபத்து மாதங்கள் என்று வைத்திருக்கிறோம். 1749 ஏப்ரல் நடுவில் அடித்த புயலில் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு அருகே நின்ற நாமூர், பெம்புரோக் என்னும் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நூற்றுக்கணக்கான ஆட்களோடு மூழ்கின. 1761 ஜனவரி முதல் தேதி புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற கப்பல்கள் பலவற்றைப் புயல் அழித்தது. கடலூர் வானிலை நிலையத்தின் ஒருநாள் மழைச் சாதனை எந்த மாதத்தில் என்று கேட்டால் பெரும்பாலோர் நவம்பர் என்பார்கள். அது 1943 மே 18. ஏறக்குறைய 57 சென்டிமீட்டர். கத்திரி வெயில் காலம், ஏரிகள் வறண்டு கிடக்க வேண்டிய மாதம். இன்று அதே மழை மே மாதத்தில் பெய்தால் வடிகால் தூர்வாரும் பணி பாதியில் நிற்கும், மதகுகளில் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருக்கும், நிவாரண முகாமாகப் பயன்படும் பள்ளிகள் விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதுகூட ஊர்ப் பதிவேட்டில் இருக்க வேண்டிய தகவல்தான்.

கொள்ளிடக் கரைக்கு ஆடியும் ஆவணியுமே ஆபத்து மாதங்கள். அங்கே உள்ளூரில் ஒரு தூறல்கூட இல்லாமல் வெள்ளம் வரும். குடகிலும் கேரள எல்லை மலைகளிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, மேட்டூர் நிரம்பி, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பப்பட்ட நீர் கீழணை வழியாகக் கடலுக்குப் போகும்போது, பழைய கொள்ளிடத்துக்கும் புதிய கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, பெராம்பட்டு, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் போன்ற ஊர்கள் தீவாகிவிடும். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் இந்த வகை. அப்போது மேட்டூர் அணை இல்லை. அது 1934-ல் முடிந்தது. அணை வந்ததால் இந்த வகை வெள்ளம் ஒழிந்தது என்றும் சொல்வதற்கில்லை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பாய்ந்த நீர் திருச்சி பழைய கொள்ளிடம் பாலத்தின் ஒரு பகுதியைச் சாய்த்தது, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகளைப் பெயர்த்தது. அதே நீர்தான் அடுத்து நம் திட்டு ஊர்களுக்கு வந்து சேர்ந்தது.

மாவட்டத்தின் பேரிடர் வரலாற்றை ஆறு வாரியாகப் பிரித்து எழுத வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஒவ்வோர் ஆற்றுக்கும் மழை பெய்யும் இடம் வேறு, வந்து சேர எடுக்கும் நேரம் வேறு, தடைபடும் இடமும் வேறு. கொள்ளிடத்துக்கு மேட்டூர் திறப்பிலிருந்து இரண்டு மூன்று நாள் அவகாசம் கிடைக்கும். தென்பெண்ணைக்குச் சாத்தனூர் அணைத் திறப்பிலிருந்து ஒரு நாள் கிடைத்தாலே பெரிது. கெடிலத்துக்குச் சில மணி நேரம். செங்கால் ஓடை, பரவனாறு போன்றவற்றில் மழை பெய்யும்போதே வெள்ளம். எச்சரிக்கை என்று தனியாக ஒன்று வராது, மழைமானிதான் எச்சரிக்கை. பரவனாற்றில் இன்னொரு சங்கடமும் உண்டு. நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து வெளியேற்றும் நீரும் மண்ணும் அதில்தான் சேர்கின்றன. அந்த ஆறு சேரும் பெருமாள் ஏரி தூர்ந்து கொள்ளளவு சுருங்கியிருப்பதால் மருவாய், கல்குணம் போன்ற ஊர்களில் தண்ணீர் ஏறுவது வேகமாக, வடிவது மெதுவாக. அங்கே ‘எவ்வளவு ஆழம்’ என்பதைவிட ‘எத்தனை நாள் நின்றது’ என்பதே பயிரின் தலையெழுத்து. தண்டுருளும் பருவத்துச் சம்பா ஓரிரு நாள் முங்கினால் தேறிவிடும். ஒரு வாரம் முங்கினால் அழுகும். ஆகவே பரவனாற்று ஊர்களின் பதிவில் வடிந்த தேதி கட்டாயம் வேண்டும். எந்தப் பட்டியலிலும் இந்தத் தேதி இல்லை.

வீராணம் ஏரியின் கதை தனி. முழுக் கொள்ளளவு மட்டம் 47.50 அடி. வடவாறு வழியாகக் கீழணை நீரும், அரியலூர்ப் பக்கத்து ஓடைகளின் காட்டுவெள்ளமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் வெள்ளியங்கால் ஓடையைத் திறந்தாக வேண்டும். திறந்தால் காட்டுமன்னார்கோவில், குமராட்சி வயல்கள் மூழ்கும். இது ஒவ்வொரு முறையும் நடப்பதால் இயற்கைச் சீற்றமா, ஷட்டர் இயக்கமா என்ற சண்டையும் ஒவ்வொரு முறையும் நடக்கிறது. ஓடை திறந்த மணி, அளவு, வயலில் நீர் ஏறிய மணி மூன்றும் அடுத்தடுத்த ஐந்தாறு வெள்ளங்களுக்குப் பதிவாகியிருந்தால் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை.

சாத்தனூர் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது ஏன் என்று இன்றும் வாதம் நடக்கிறது. வாதத்தில் இறங்கும் முன் ஒரு கணக்கு. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. அப்படியானால் 1.68 லட்சம் கன அடி நாளொன்றுக்கு 14.5 டி.எம்.சி. சாத்தனூரின் மொத்தக் கொள்ளளவே 7.32 டி.எம்.சி.தான். அந்த வேகத்தில் நீர் வந்தால் சொட்டு நீர்கூட இல்லாத வெறும் அணையும் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பி வழியும். முன்கூட்டியே ஓரிரு டி.எம்.சி. காலி செய்து வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது சில மணி நேரம். அந்தச் சில மணி நேரம் அற்பமானதல்ல. நள்ளிரவுத் திறப்பைப் பகல் திறப்பாக மாற்ற அது போதும். ஆனால் வெள்ளத்தையே தடுத்திருக்கலாம் என்பவர்கள் அணையின் அளவை அறியாமல் பேசுகிறார்கள். அன்று அணைக்கு மேலே, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அந்தத் தண்ணீருக்குச் சாத்தனூரை விட்டால் வேறு வழி கிடையாது. கடலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய மழைமானி ஊத்தங்கரையில் இருக்கிறது என்பதுதான் அந்த வெள்ளத்தின் பாடம். 2021 நவம்பரிலும் தென்பெண்ணை கரைபுரண்டது. 1972-க்குப் பிறகு இப்படி வந்ததில்லை என்று அப்போது பேசினார்கள். மூன்றே ஆண்டில் அதைவிடப் பெரியது வந்துவிட்டது. இரண்டுக்கும் ஆற்றங்கரை ஊர்களில் வெள்ள மட்டம் குறித்த கல் நட்டிருந்தால் எவ்வளவு பெரியது என்பதையும் இன்று அங்குலக் கணக்கில் சொல்லலாம்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் இன்னொரு கணக்கு நுழைகிறது: திதி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) அதிகம். முகத்துவாரத்தில் கடல் மட்டம் உயர்ந்து நிற்கும்போது கெடிலமும் உப்பனாறும் கடலூர் பழைய நகரத்தில் பின்வாங்கி நிற்கும், தென்பெண்ணை தாழங்குடாவில் அப்படியே. நம் கடற்கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்குக் கீழேதான், ஆனால் தட்டையான நிலத்தில் அரை மீட்டர் ஏறினாலே பல தெருக்கள் மூழ்கும். 2024 டிசம்பர் 1 அமாவாசை. 2015 வெள்ளம் தீபாவளியை ஒட்டி வந்தது என்றாலே அமாவாசையை ஒட்டி வந்தது என்றுதான் அர்த்தம். தானே வீசிய 2011 டிசம்பர் 30 அப்படியல்ல, வளர்பிறையின் நடுப்பகுதி. கடல் அன்று காட்டிய உயரத்தையே எல்லாப் புயலுக்கும் உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவேட்டில் தேதிக்குப் பக்கத்தில் திதியையும் எழுதச் சொல்வது பஞ்சாங்க நம்பிக்கையால் அல்ல.

காற்றுக்கு வருவோம். கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. எண் கூடக் கூடப் புயல் கடுமையாகிறது என்று நினைக்கிறார்கள். செய்திகளிலும் அப்படியே வருகிறது. 8, 9, 10 மூன்றும் ஒரே கடுமையைக் குறிப்பவை. துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம் அமையும் என்றால் 8, வலப்பக்கம் என்றால் 9, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 10. 5, 6, 7-க்கும் இதே முறை, கடுமை மட்டும் ஒரு படி கீழே. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். வங்கக் கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும், கடல்நீரைத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். எனவே கடலூர் மீனவக் கிராமங்களுக்குக் கடல்நீர் உட்புகும் ஆபத்து, புயல் காரைக்காலிலோ நாகையிலோ கடக்கும்போதுதான் அதிகம். புதுச்சேரிக்கு வடக்கே கடக்கும்போது குறைவு. 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12 நாகைப் புயல்களும், 1993 டிசம்பர் 4 காரைக்கால் புயலும் ‘நாகை மாவட்டச் செய்தி’ என்று ஒதுக்கப்படுவது தவறு. அவற்றில் கடலூர் கடற்கரை வலப்பக்கம் இருந்தது. அந்த நாட்களில் சாமியார்பேட்டை முதல் தேவனாம்பட்டினம் வரை கடல் எதுவரை ஏறியது என்பதைத் தேடி எடுக்க வேண்டும்.

தானே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே, 2011 டிசம்பர் 30 காலையில், மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் கரையைக் கடந்தது. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 100 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய கூரை 140-ல் இரண்டு மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கும். பண்ருட்டி முந்திரிக் காடுகளும் பலாத் தோப்புகளும் ஒரு காலைப் பொழுதில் சாய்ந்ததற்கு இதுவே காரணம். புயலின் மையம் மேலே கடக்கும் ஊரில் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென அடங்கும், வானம் வெளுக்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வருபவர்களை அடுத்து எதிர்த்திசைக் காற்று தாக்கும். முதல் பாதியில் பாதி பெயர்ந்து நின்ற ஓடுகளும் மரங்களும் விழுவது இரண்டாம் பாதியில்தான்.

விழுந்த மரங்களின் திசையே ஒரு பதிவு. புயல் ஓய்ந்த மறுநாள், ஜே.சி.பி. வந்து இழுத்துப் போடும் முன், தெருவுக்குப் பத்து மரம் என்று கணக்கு வைத்து வேர்ப்பக்கமிருந்து தலைப்பக்கம் எந்தத் திசை என்று திசைகாட்டியால் குறித்தால், மையம் ஊருக்கு வடக்கே போனதா, தெற்கே போனதா, மேலேயே போனதா என்று தெரிந்துவிடும். கைப்பேசித் திசைகாட்டி போதும்; டிரான்ஸ்பார்மருக்கும் இரும்புக் கம்பத்துக்கும் பக்கத்தில் நின்று பார்த்தால் மட்டும் அது பொய் சொல்லும்.

சுனாமிப் பதிவிலும் திருத்த வேண்டியது உண்டு. ‘கடல் உள்வாங்கினால் ஓடு’ என்று 2004-க்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் வரை சொல்லிக்கொடுத்தோம். அறிவுரை சரிதான், ஆனால் பாதிதான். 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணி அளவில் சுமத்ராவுக்கு அப்பால் கடல்தளம் பெயர்ந்தபோது மேற்குப் பக்கம் மேலே எழும்பியது. அதனால் நம் கரைக்கு முதலில் வந்து சேர்ந்தது ஏற்றம். உள்வாங்கல் அதற்குப் பிறகு. தாய்லாந்துக் கரையில்தான் முதலில் கடல் உள்வாங்கியது. உள்வாங்கலுக்காகக் காத்திருப்பவர் நம் கடற்கரையில் மோசம்போவார். நிலநடுக்கத்துக்கும் முதல் அலைக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் சொல்ல ஆளில்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல்தான் இயங்கத் தொடங்கியது. 2004-க்கு முன் இங்கே சுனாமியே வந்ததில்லை என்ற பேச்சும் சரியல்ல. 1881 டிசம்பர் 31 கார் நிக்கோபார் நிலநடுக்கத்தின் அலை நாகப்பட்டினம் ஓதமானியில் ஒரு மீட்டருக்கு மேல் பதிவானது. 1883 கிரகடோவா எரிமலை வெடிப்பின் அலையும் அங்கே பதிவாகியிருக்கிறது.

வராத சுனாமியையும் எழுதி வைக்க வேண்டும். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே 8.6 அளவு நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, கடலோர மக்கள் வெளியேறினார்கள், அலை பெரிதாக வரவில்லை. அன்று கடல்தளப் பாறைகள் பக்கவாட்டில் நழுவின, மேலெழவில்லை. அதனால் நீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. இந்தக் காரணம் எழுதப்படாவிட்டால் ‘அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாங்க’ என்பதே அடுத்த முறை ஊரின் பதிலாக இருக்கும்.

பிச்சாவரம் அலையாத்திக் காடு சுனாமியைத் தடுத்தது என்பது மேடைப் பேச்சாகிவிட்டது. மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று கடலூர் மாவட்டத்தை வைத்தே 2005-ல் ஆய்வு வெளிவந்தது உண்மை. அந்த ஊர்கள் கரையிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தன, காரணம் அதுவாகவும் இருக்கலாம் என்று வேறு விஞ்ஞானிகள் மறுத்ததும் உண்மை. பதிவேட்டில் மூன்றையும் எழுத வேண்டும்: கரையிலிருந்து தூரம், தரை உயரம், இடையே இருந்த மரம் அல்லது மணல்மேடு. காட்டுக்கு வெளியே கடலைப் பார்த்திருந்த எம்.ஜி.ஆர். திட்டு அன்று தரைமட்டமானதை மறந்துவிட்டு, மரம் நட்டால் போதும் என்று கடலோரத்தில் வீடு கட்டிக்கொடுக்கக் கூடாது.

இனி, மட்டம் குறிக்கும் வேலை. வெள்ளம் வடிந்த மூன்று நான்கு நாட்களுக்குள் செய்துவிட வேண்டும். வெயிலும் அடுத்த மழையும் சுவடுகளை அழித்துவிடும். மிச்சத்தைப் பொங்கலுக்கு அடிக்கும் வெள்ளை அழித்துவிடும். சுவரில் எந்தக் கோட்டை எடுப்பது என்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. ஈரக்கோட்டை எடுக்கக் கூடாது. செங்கல் சுவர் நீரை உறிஞ்சுவதால் ஈரம் உண்மையான மட்டத்துக்கு மேல் ஓர் அடிகூட ஏறி நிற்கும். வண்டல் படிந்த கோடு, செத்தை ஒட்டிய கோடு இவைதான் சரி. தெருப்பக்கச் சுவரைவிட வீட்டுக்குள் சுவர் நம்பகமானது; வெளியே லாரி கிளப்பிய அலையும் ஆற்று வேகமும் கோட்டை உயர்த்தியிருக்கும். தெருவுக்கு மூன்று இடங்களிலாவது எடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் அரையடி விலகி நின்றால் அதைத் தள்ளிவிட்டு நான்காவதைத் தேடலாம்.

‘முழங்கால் அளவு’, ‘இடுப்பளவு’ என்ற நினைவுகளும், ‘சாலையில் 3 அடி’ என்ற செய்திகளும் இருபது ஆண்டு கழித்துப் பயன்படாமல் போவதற்குக் காரணம் சாலையே. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சில சென்டிமீட்டர் ஏறுகிறது. பல தெருக்களில் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விட்டது. எனவே ஆழத்தைச் சாலையிலிருந்து அளக்காமல், மாறாத ஒன்றிலிருந்து அளக்க வேண்டும். பழைய கோயிலின் கருங்கல் அடித்தளம், பாலத் தூணின் அடிப்பலகை, நில அளவைத் துறை உயரம் குறித்து நட்ட மட்டக்கல் இருந்தால் அது. ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பார்கள். ஊர் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று தோராயமாகத் தெரிந்துகொள்ள உதவும், சென்டிமீட்டர் கணக்குக்கு உதவாது.

லெவல் கருவியோடு சர்வேயர் வந்தால் நல்லது. வராவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். பத்துப் பதினைந்து மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே நிறம் கலந்த தண்ணீர். தொடங்கும் முன் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது. பார்க்கும்போது இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். விரலால் ஒரு பக்கம் அடைத்தபடி பார்ப்பதே வழக்கமான பிழை. ஒரு பகுதி வெயிலிலும் ஒரு பகுதி நிழலிலும் நெடுநேரம் கிடந்தாலும் மட்டம் நகரும். கோயில் அடித்தளத்தில் தொடங்கித் தெருத்தெருவாக மட்டத்தைக் கொண்டுபோய், வேறு வழியாகத் திரும்பி அதே கல்லுக்கு வந்து முடிக்க வேண்டும். தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஏற்கலாம், மீறினால் திரும்பவும் அளக்கத்தான் வேண்டும்.

குறியீடு பெயிண்டில் வேண்டாம். கருங்கல் தூணில் உளியால் கிடைமட்டக் கோடு, அதன் பக்கத்தில் ஆண்டு, மாதம், தேதி. ஒரே கல்லில் அடுத்தடுத்த வெள்ளங்களுக்கும் இடம் விட வேண்டும். கல்லை ஆற்றங்கரையில் நடுவதைவிட மக்கள் தினம் நிற்கும் ரேஷன் கடை, பள்ளி வாசல், பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் நடுவது பயன் தரும். இதை மனை விலை குறையும் என்று சிலர் எதிர்ப்பார்கள். எதிர்ப்பே அந்தக் கல்லின் தேவையைச் சொல்கிறது.

பழைய ஆண்டுகளைத் தேடுபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். கடலூர் தனி மாவட்டமானது 1993-ல். அதற்கு முந்தியவற்றை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ‘தென்னாற்காடு’ என்ற தலைப்பில் தேட வேண்டும். வருவாய்க் கணக்குகள் பசலி என்னும் வருவாய் ஆண்டில் இருக்கும், ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஜூலைக்குப் பிந்திய மாதம் என்றால் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழிக்க வேண்டும், ஜூனுக்குள் என்றால் 591-ஐ. 1943 மே மாத மழைச் சேதம் பசலி 1352-ல் இருக்கும். 1353-ஐப் புரட்டினால் ஒன்றும் இராது, மழையே பெய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுவோம். அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கு) சாவி (விளையாத பயிர்) என்றும், தீர்வைக் கணக்கில் வஜா (வரித் தள்ளுபடி) என்றும் எழுதியிருப்பது அந்தப் புலம் மூழ்கியதற்கோ காய்ந்ததற்கோ சாட்சி. எது என்று அறிய மழைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

மழைக் கணக்கின் தேதியும் ஏமாற்றும். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, கணக்கு முடியும் தேதியில் பதிவாகும். ஒன்பதாம் தேதி பகலும் இரவும் பெய்தது பத்தாம் தேதிக் கணக்கு. இது தெரியாமல் தொகுப்பவர்கள் ஒரே மழையை இரண்டு நாளாகவோ, வெள்ளம் வந்த மறுநாள் மழை பெய்ததாகவோ எழுதிவிடுகிறார்கள். உயிரிழப்பு எண்ணிக்கையிலும் முதல் நாள் செய்திக்கும் இறுதி அரசுக் கணக்குக்கும் வித்தியாசம் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், எந்தத் தேதியில் யார் சொன்ன எண் என்று இரண்டையும் எழுதினால் போதும்.

ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கும்போது ‘எந்த வருஷம்’ என்று கேட்டால் பெரும்பாலும் தவறான விடை வரும். பிள்ளை பிறந்ததற்கு முன்னா பின்னா, எந்தத் தேர்தல், சம்பா நட்டாயிற்றா, தீபாவளி முடிந்ததா என்று கேட்டால் ஆண்டு தானாக நெருங்கும். தண்ணீர் வந்த திசையை மட்டும் அவர்கள் மறப்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் ஊராட்சிக்கு ஒரு நோட்டில் அடக்கலாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டு, அக்டோபர் 2 சபையில் வாசித்துக் கையொப்பம் வாங்கினால் பருவமழைக்கு முன் கையில் இருக்கும். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் ஒரு படி, பள்ளியில் ஒரு படி, மூன்றாவது படி வெள்ளம் எட்டாத வேறு ஊரில். மூன்றாவது படியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தரைத்தளப் பீரோவில் இருக்கும் வெள்ளப் பதிவேடு அடுத்த வெள்ளத்தில் கரைந்துபோகும்.

தங்கள் நாளிதழிடம் மூன்று வேண்டுகோள். மழை அளவு வெளியிடும்போது ‘இன்று காலை 8.30 வரை 24 மணி நேரத்தில்’ என்று தவறாமல் சேர்க்க வேண்டும். அணைத் திறப்புச் செய்தியில் திறந்த அளவோடு நீர்வரத்து, இருப்பு, திறந்த மணி மூன்றையும் தர வேண்டும். திறந்த அளவு மட்டும் தனியாக நின்றால் பீதிக்குத்தான் உதவும். மூன்றாவதாக, தங்கள் பழைய இதழ்களில் 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 1993 டிசம்பர் 4, 2000 நவம்பர் 29, 2015 நவம்பர் 9 ஆகிய தேதிகளை அடுத்த ஒரு வாரத்துக்கு உரிய தென்னாற்காடு, கடலூர் மாவட்டச் செய்திப் பக்கங்களைப் படியெடுத்து மாவட்ட மைய நூலகத்துக்குக் கொடுத்துதவ வேண்டும். 1943 மே 17 முதல் 24 வரை உள்ள இதழ்கள் எங்காவது இருந்தால் அவற்றிலிருந்து தொடங்கலாம். அந்த மழையை நேரில் பார்த்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள்.

இப்படிக்கு,
நீர்வள, நில அளவைப் பணிகளிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்கள் சிலர்,
கடலூர்.